பூவுக்கு விட்ட இடம்

சுன்சொன், தென்கொரியா
22.2.1987

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் உங்களையும் அத்தானையும் மகள் இசபெல்லையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். எனக்கு இருமல் விட்டுவிட்டது. கைவிரல் வெடிப்பு மட்டும் இன்னும் ஆறவில்லை. முதியோர் இல்லத்துப் படுக்கை விரிப்புகளை இந்தக் குளிரில் தோய்த்தால் யாருக்குத்தான் ஆறும்.

இத்துடன் ஒரு சுருள் வருகிறது. நான் வரைந்த படம். சனிக்கிழமைகளில் ஹான் என்ற அம்மா மடத்துக்கு வந்து எங்களுக்கு மை ஓவியம் பழக்குகிறார். தொடங்குவது பிளம் பூவில். இங்கே அதை மேஹ்வா என்கிறார்கள். பனி உருகுவதற்கு முன்பே, ஓர் இலைகூட இல்லாத கொப்பில், வண்டும் தேனீயும் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே பூத்துவிடும். அதனால் உறுதிக்கும் கற்புக்கும் அதுதான் அடையாளமாம். எனக்குக் கை வருகிறது என்று கண்டதில் எங்கள் மதருக்குப் பெரிய சந்தோஷம். சிஸ்ரர் இம்மாகுலேற்றுக்கு ஏற்ற பூ என்று எல்லோரிடமும் சொல்கிறார்.

கறுப்பு மை மட்டும்தான். பூ வெள்ளை என்றாலும் வெள்ளை மை கிடையாது, கடதாசிதான் பூ. ஆகவே கொப்பை இழுக்கும்போதே பூ வரப்போகிற இடத்தில் தூரிகையைத் தூக்கி இடம் விட வேண்டும். விடாமல் இழுத்துவிட்டால் பிறகு பூவை வைக்க வழியில்லை, அழிக்கவும் முடியாது. முதல் இரண்டு மாதமும் நான் வரைந்ததெல்லாம் மொட்டை மரம்தான்.

படத்தின் ஓரத்தில் மூன்று வரியில் ஒரு கவிதை எழுதி, கீழே சிவப்பு முத்திரை குத்துவது வழக்கம். கொரிய மொழியில் கவிதை எழுத எனக்கு வராது, தமிழில் எழுதினேன். என்ன எழுதியிருக்கிறீர் என்று ஹான் அம்மா கேட்டார். மாதாவுக்கு ஒரு புகழ்ப்பா என்றேன். பொய். நீங்கள் வாசியுங்கள்.

பனிக்குள் பூத்தது பெருமை என்றார்கள்.
பெருமையல்ல, போக வேறு இடம் இருக்கவில்லை.
அக்கா, உங்கள் வீட்டு வெயிலில் ஒரு கொப்புக்கு இடம் உண்டா?

ஒளித்து மறைத்து எழுத விருப்பமில்லை. அடுத்த வருஷம் ஆவணி பதினைந்தில், மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, எனக்கு நித்திய வார்த்தைப்பாடு. அதற்கு முன்னர் போவதென்றால் மதரிடம் சொல்லிவிட்டுப் போகலாம். அதற்குப் பிறகென்றால் உயிர் உள்ளவரை இங்கேதான். நான் போக விரும்புகிறேன். எனக்குத் தேவ அழைத்தல் இருக்கவில்லை, அக்கா. யாழ்ப்பாணத்து மடத்திலும், சபை அனுப்பிவைத்த இந்த நாட்டிலும், வரும் வரும் என்று இத்தனை வருஷமும் பார்த்தேன், வரவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு இப்போது கூரை இல்லை. அம்மா அப்பாவும் இல்லை. லண்டனில் நேர்ஸிங் படிக்க விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். உங்களிடமிருந்து ஒரு ஸ்பொன்சர் கடிதமும், படுத்தெழும்ப ஓர் அறையும் கிடைத்தால் போதும்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்
தங்கச்சி இம்மாகுலேற்

●

ஃபாரஸ்ட் கேட், லண்டன்
30.3.1987

என் அன்புத் தங்கச்சி இம்மாவுக்கு,

மாதாவின் துணையால் நாங்கள் மூவரும் சுகம். உன் விரல் வெடிப்புக்கு வாஸ்லின் பூசிக் கையுறை போட்டுக்கொண்டு படு. அத்தானுக்குப் பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட். பகலில் படுக்கிற மனுஷனுக்காக நானும் இசபெல்லும் வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்து திரிகிறோம்.

படம் வந்தது. நல்ல வடிவு. அத்தான் சுருளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதென்னப்பா, பட்ட மரத்தையோ கீறி அனுப்பியிருக்கிறாள்?" என்றார். நான் நேராகப் பிடித்துக் காட்டிய பிறகும் அவருக்கு அது பட்ட மரம்தான். அதை விடு, ரசனை இல்லாத மனுஷன்.

கிறீன் ஸ்றீற்றில் படங்களுக்குக் கண்ணாடி போடுகிற கடைக்குக் கொண்டுபோனேன். அவ்வளவு அகலத்தில் சட்டம் இல்லை என்றான். அதனால் எழுத்து இருக்கிற பக்கத்தைப் பின்னால் மடித்துவிட்டுப் போடச் சொன்னேன். இப்போது மரம் சரியாக நடுவில் வந்திருக்கிறது. முன் அறையில் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. போன வெள்ளி எங்கள் வீட்டில் செபமாலை. வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் பார்த்தார்கள். "ஆர் கீறினது?" என்று எங்கள் கோயிலுக்கு வருகிற அருள்நாயகி கேட்டாள். "கொரியாவில கன்னியாஸ்திரியா இருக்கிற என்ர தங்கச்சி" என்றேன். அவளுக்குக் கண் விரிந்துவிட்டது. குடும்பத்தில் ஒரு கன்னியாஸ்திரி இருந்தால் அந்த வீட்டுக்கு மரியாதையே வேறு, இம்மா. இந்த ஊரில் யார் யாரென்று தெரியாமல் எல்லோரும் ஒரே கோற்றைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில், அதுதான் எங்களைக் கொஞ்சம் எடுத்துக் காட்டுகிறது.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்னை மறவாத
அக்கா பியற்றிஸ்

●

சுன்சொன்
10.5.1987

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். வாஸ்லினுக்கு நன்றி, வெடிப்பு ஆறிவிட்டது. குளிர் போனதால் ஆறியதோ தெரியாது.

வேறு விசேஷம் இல்லை என்று முடித்திருந்தீர்கள். என் கடிதத்தில் ஒரு விசேஷம் இருந்தது. நீங்கள் ஒரு கடிதத்தையும் அரைகுறையாக வாசிக்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்று வரியைப் பின்னால் மடித்துவிட்டீர்கள். பாவம், சட்டம் போடுகிறவன்தானே காரணம்.

வகுப்பில் பழைய கவிதைகளும் வாசிக்கிறோம். பிளம் பூவைப் பற்றி இவர்கள் எழுதியதை எல்லாம் அடுக்கினால் ஓர் அலுமாரி நிறையும். நாடு கடத்தப்பட்ட மந்திரி எழுதுகிறார், உத்தியோகத்தை விட்டெறிந்த பண்டிதர் எழுதுகிறார். நீ அல்லவோ உத்தமி, குளிருக்குப் பணியாதவள் என்று அதைப் புகழ்கிறார்கள். மறுமணம் செய்யாத விதவையையும் அதே பூ என்கிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்த நாட்டு வீடுகளில் தரைக்குக் கீழே நெருப்பு மூட்டுவார்கள், தெரியுமா? அவர்கள் எல்லோரும் சூடான தரையில் சம்மணம் போட்டுக்கொண்டு, கதவை ஒரு விரலளவு திறந்து, வெளியே நிற்கிற பூவைப் பாராட்டியிருக்கிறார்கள். குளிருகிறதா என்று அதனிடம் கேட்டவரை நான் இன்னும் காணவில்லை. இதை ஹான் அம்மாவிடம் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, இதை மதர் முன்னால் சொல்லிவிடாதே என்றார்.

அக்கா, நான் கெஞ்சவில்லை, கேட்கிறேன். இடம் உண்டு, அல்லது இல்லை. இரண்டில் ஒன்றை எழுதுங்கள்.

அன்புடன்
இம்மாகுலேற்

●

ஃபாரஸ்ட் கேட்
8.11.1987

அன்பின் இம்மா,

நீ சுகமாக இருக்க வேண்டுமென்று மாதாவை மன்றாடுகிறேன். எனக்குத்தான் நாரிப்பிடிப்பு, குனிந்து நிமிர முடியவில்லை. பதில் பிந்திவிட்டது, கோபிக்காதே. இங்கே அடித்த புயலைப் பற்றி உங்கள் பக்கத்துப் பேப்பரிலும் போட்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரனின் மரம் எங்கள் வேலிமேல் விழுந்து, கவுன்சிலுக்குப் போன் பண்ணிப் பண்ணி என் வாய் உளைந்துபோயிற்று.

நீ கேட்ட விஷயம். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு அறையும் ஒரு சின்னப் பொக்ஸ் ரூமும். அந்தப் பொக்ஸ் ரூமில் அத்தானின் ஒன்றுவிட்ட தம்பி கஸ்பர் இருக்கிறான். அகதிக் கேஸ் முடியாத பெடியனை எப்படி எழும்பிப் போ என்பது?

இன்னொன்று. நீ தூரத்தில் இருக்கிறாய், உனக்கு விளங்காது. மன்னாரில் மடத்தை விட்டு வந்த ஒரு பிள்ளை இங்கே தமக்கை வீட்டில் வந்து இருக்கிறாள். கோயிலில் அவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை. அருள்நாயகி என் முகத்துக்கு நேரே சொல்கிறாள், "அந்த வீட்டில இனி ஆர் பொம்பிளை கேட்டு வருவினம்?" என்று. இசபெல்லுக்கு ஒன்பது வயதுதான், ஓம். ஆனாலும் தாய் என்றால் முன்னுக்குப் பின் யோசிக்கத்தானே வேண்டும்.

நீ அங்கே எவ்வளவு மரியாதையாக இருக்கிறாய். வேளைக்குச் சாப்பாடு, வீட்டு வாடகை இல்லை, ஒரு ஆம்பிளையின் கத்தல் இல்லை. சில நாள் எனக்கே உன்மேல் பொறாமை வருகிறது. இசபெல் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள், கீழே தானும் எழுத வேண்டுமென்று அடம்.

உன் அக்கா
பியற்றிஸ்

சித்தி, நான் சுகம். நீங்கள் சுகமா? உங்கள் மரம் எனக்கு விருப்பம். கஸ்பர் சித்தப்பா பார்க்கிங் என்ற ஊரில் வேறு வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய அறையில் நான் பொம்மைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்திருக்கிறேன். இப்படிக்கு இசபெல்.

●

சுன்சொன்
12.12.1987

அன்புள்ள அக்காவுக்கு,

பிறக்கப்போகிற பாலன் உங்கள் நாரிக்குச் சுகம் கொண்டுவரட்டும். உங்கள் கடிதம் கிடைத்தது. இசபெல் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுகிறாள். அவளை ஏசாதீர்கள்.

இத்துடன் அவளுக்கு இன்னொரு படம். முற்காலத்தில் இங்கே ஒரு பழக்கம் இருந்ததாம். மாரியில் பகல் மிகவும் குறுகிய நாளில், எண்பத்தொரு வெறும் பூக்கள் உள்ள ஒரு பிளம் கொப்பை வரைந்து சன்னலில் ஒட்டுவார்கள். நாளுக்கு ஒரு பூவாக நிறம் தீட்டிக்கொண்டு போனால், கடைசிப் பூவுக்கு நிறம் வரும்போது வெளியே குளிர் போயிருக்கும். அப்படி ஒன்றைத்தான் அனுப்புகிறேன். இசபெல் நாளுக்கு ஒன்று தீட்டட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள். கடைசிப் பூ பங்குனி நடுப்பகுதியில் வரும். அதற்குள் யோசித்து எனக்கு ஒரு முடிவு எழுதுங்கள். வைகாசி முடிவதற்குள் நான் மதருக்குச் சொல்ல வேண்டும்.

பொம்மைகள் படிக்கிற அறை எனக்குப் போதும். அவற்றை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு நான் மற்றப் பக்கத்தில் படுப்பேன். கஸ்பர் மாதிரி நானும் கொஞ்ச நாளில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவேன்.

அன்புடன்
இம்மாகுலேற்

●

ஃபாரஸ்ட் கேட்
10.1.1988

அன்பின் இம்மா,

பிறந்திருக்கிற வருஷம் உனக்கு எல்லா ஆசீர்வாதமும் தரட்டும். எங்கள் மூவருக்கும் மாறி மாறித் தடிமனும் தும்மலும், மற்றப்படி சுகம்.

பூப் படம் வந்தது. அதை ஏன் கேட்கிறாய். நான் சமைத்து முடித்துக் குசினியால் வந்து பார்த்தால், இசபெல் ஃபெல்ற் பேனைகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே பின்னேரத்தில் அத்தனை பூவையும் தீட்டி முடித்துவிட்டாள். சிவப்பு, ஊதா, மஞ்சள், ஒரு பூ மட்டும் பச்சை. "நாளுக்கு ஒண்டெண்டு சித்தி சொன்னவ எல்லோ" என்று ஏசினேன். "ஸ்பிரிங் கெதியா வரும்தானே மம்மி" என்கிறாள். என்ன செய்ய, குழந்தை. பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. கிறிஸ்மஸ் கார்ட்டுகளோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன்.

நீ அவசரப்படாதே. வார்த்தைப்பாடு எடுத்தால் மனம் தானாக அடங்கிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கல்யாணம் கட்டிய புதிதில் நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடத்தான் பார்த்தேன். ஓடினேனா? கஸ்பருக்கும் பார்க்கிங் வீடு சரிவரவில்லையாம், திரும்பி வந்தாலும் வருவான். அறையை அவனுக்கென்று விட்டு வைத்திருக்கிறோம்.

இங்கே மழை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அக்கா
பியற்றிஸ்

●

சுன்சொன்
14.3.1988

அக்காவுக்கு,

தவக்காலம் உங்களுக்கு நல்லபடியாகக் கழியட்டும். நான் சுகமில்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை, கோபம்.

கஸ்பர், அருள்நாயகி, அறை எல்லாம் சாட்டு. உண்மையான காரணத்தை நீங்கள் எழுதமாட்டீர்கள், நான் எழுதுகிறேன். உங்களுக்குப் பத்து வயதில் நெருப்புக்காய்ச்சல். டொக்டர் கைவிட்டுவிட்டார். அம்மா வயிற்றில் என்னைச் சுமந்துகொண்டு மடு மாதா கோயிலுக்குப் போய், "என்ர மூத்தவளை எனக்குத் தா தாயே, வயித்தில கிடக்கிறது பெட்டையெண்டால் உனக்குத் தாறன்" என்று நேர்ந்தார். நீங்கள் எழும்பினீர்கள். நான் பெட்டையாகப் பிறந்தேன். எங்கள் வீட்டில் இந்தக் கதை சொல்லாமல் ஒரு கிறிஸ்மஸும் போனதில்லை. நேர்ந்துவிட்ட ஆட்டைக் கோயில் வாசலில் கட்டும்போது அது எங்கே போகிறோம் என்று அறியாது. நான் அறிந்துதான் போனேன். பத்தொன்பது வயதில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பேசாமல் போனேன். உங்களுக்குக் கோபம் வரட்டும், எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. உங்கள் உயிருக்கு நான் விலையாகப் போனேன்.

இப்போது நான் வெளியே வந்தால் மாதா அந்த விலையை உங்களிடமோ இசபெல்லிடமோ திருப்பி வாங்குவார் என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. அம்மாவின் வயிற்றில்தான் நானும் பிறந்தேன். ஆனால் ஒன்று செய்யுங்கள். உங்கள் கோயில் சுவாமியாரிடம் கேளுங்கள், ஒரு தாய் நேர்ந்தது வயிற்றில் இருந்த பிள்ளையைக் கட்டுமா என்று. நான் இங்கே கேட்டால் மதரின் காதுக்குப் போகும். அவர் கட்டும் என்று சொன்னால் நான் இனி வாயைத் திறக்கமாட்டேன். கட்டாது என்றால், வைகாசி முடிய முதல் ஸ்பொன்சர் கடிதத்தை அனுப்புங்கள். அக்கா, எனக்கு வயது முப்பத்தொன்று. வெளியே ஒரு கடையில் சாமான் வாங்கி, என் குசினியில் ஒரு கறி வைக்க வேண்டும் போல் இருக்கிறது. இது பெரிய பாவமா?

தங்கச்சி
இம்மா

●

ஃபாரஸ்ட் கேட்
20.9.1988

எங்கள் அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய சிஸ்ரர் இம்மாகுலேற்,

நித்திய வார்த்தைப்பாடு எடுத்த உனக்கு நாங்கள் எல்லோரும் வாழ்த்துச் சொல்கிறோம். நாங்கள் சுகம். உன் மடத்து மதர் அனுப்பிய படம் கிடைத்தது. தலையில் பூமுடியும் கையில் மெழுகுதிரியுமாக நீ நிற்பதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆவணி பதினைந்தன்று இங்கே உனக்காகப் பூசை வைத்தோம். கோயிலில் பெயர் வாசித்தார்கள். அருள்நாயகி கட்லற் செய்துகொண்டு வந்தாள்.

முந்தியே எழுத இருந்தேன். இங்கே தபால்காரர் ஸ்றைக், எல்லாம் பிந்திவிட்டது. சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிக் கார்டிகன் அனுப்புகிறேன், கை சற்று நீளமாக இருக்கும், மடித்துப் போட்டுக்கொள். இசபெல்லுக்குக் கடைவாய்ப்பல் முளைத்துவிட்டது. அத்தானுக்குப் பகல் ஷிப்ட் கிடைத்திருக்கிறது.

வேறு என்ன. அம்மா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.

அன்பு அக்கா
பியற்றிஸ்

●

சுன்சொன்
25.10.1988

அக்காவுக்கு,

உங்கள் எல்லோர் சுகத்துக்கும் ஆண்டவருக்கு நன்றி. கார்டிகன் அளவாக இருக்கிறது. தபால் ஸ்றைக் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பக்கத்தில் அது பங்குனியிலேயே தொடங்கிவிட்டதாக்கும்.

வார்த்தைப்பாட்டன்று காலையில்கூட வாசல் தபால் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். இதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், இனிச் சொல்லமாட்டேன்.

என் பிளம் படங்களை மடத்தில் கார்ட் அடித்து உபகாரிகளுக்கு அனுப்புகிறார்கள். கவிதை எழுத வேண்டாம், படம் போதும் என்று மதர் சொல்லியிருக்கிறார். எனக்கும் எழுத ஒன்றும் இல்லை.

இம்மாகுலேற்

●

ஃபாரஸ்ட் கேட்
2.2.1997

என் அன்புத் தங்கச்சிக்கு,

நீ நல்ல சுகத்தோடு இருக்கிறாய் என்று நம்புகிறேன். எனக்குச் சீனி வியாதி, முழங்கால், கண் என்று ஒவ்வொன்றாக வருகிறது. கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் நீ அனுப்புகிற கார்ட்டில் இருக்கிற நாலு வரியைத்தான் இவ்வளவு வருஷமும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். அத்தான் செத்தபோதும் நீ அனுப்பியது ஒரு கார்ட்தான். பிழை சொல்லவில்லை, உங்கள் மடத்துச் சட்டம் அப்படியாக்கும்.

இசபெல் மான்செஸ்ரரில் படிக்கப் போனவள். ஒரு இங்கிலிஸ்காரப் பெடியனோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். கல்யாணம் எப்போது என்று கேட்டேன். "மம்மி, ஸ்ரொப் இற்" என்றாள். பெரியவர்கள் பொம்பிளை கேட்டு வருவார்கள் என்று நான் காத்துக்கிடந்த வீடு இது. அருள்நாயகி தோர்ண்டன் ஹீத்துக்கு மகனோடு போய்விட்டாள். தேத்தண்ணி ஊற்றினால் ஒரு கோப்பைதான் ஊற்றுகிறேன். போன கிழமை குளியலறையில் சறுக்கி விழுந்து, எழுப்ப ஆளில்லாமல் தரையில் கிடந்து அழுதேன்.

இம்மா, வந்துவிடு. இப்போதெல்லாம் ரோமாபுரிக்கு எழுதிக் கேட்டால் விடுகிறார்களாம். இங்கேயே இரண்டு சிஸ்ரர்மார் அப்படி வந்து வேலை செய்கிறார்கள், ஒருவரும் ஒன்றும் கதைப்பதில்லை. காலம் மாறிவிட்டது. பொக்ஸ் ரூம் வேண்டாம், இசபெல்லின் பெரிய அறையே இருக்கிறது. வெள்ளை பெயின்ற் அடித்துப் புதுக் கட்டில் போட்டுவிட்டேன். ஸ்பொன்சர் கடிதத்தைச் சொலிசிற்றரிடம் கொடுத்துத் தயார் பண்ணுகிறேன்.

அம்மாவின் நேர்த்தியை நினைத்து நீ பயப்படாதே. அது உன்னைக் கட்டாது. நீ முந்தி எழுதினபோதே நான் சுவாமியாரிடம் கேட்டேன். அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போன இடத்தில் கேட்டேன். "தாய் நேர்ந்தது பிள்ளையைக் கட்டாது, அவள் தன்ர மனச்சாட்சிப்படி நடக்கலாம்" என்று சொன்னவர். ஆகவே உனக்கு ஒரு பாவமும் இல்லை.

ஓம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

உனக்காகக் காத்திருக்கும்
அக்கா பியற்றிஸ்

●

ஃபாரஸ்ட் கேட்
20.4.1997

அன்பின் இம்மா,

சுகமா? உயிர்ப்புப் பெரிய நாளும் போய்விட்டது, உன் பதில் இல்லை. தபாலில் தவறிவிட்டதோ என்று பயந்து இதை ரெஜிஸ்ரர் பண்ணி அனுப்புகிறேன். கட்டிலுக்கு மெத்தையும் வந்துவிட்டது. சன்னல் சீலை என்ன நிறத்தில் வேண்டும் என்று எழுது. உன் விருப்பம்தான்.

எனக்கு உன்னைத் தவிர ஒருவரும் இல்லை. அறை இருக்கிறது, வாறியோ இல்லையோ, இரண்டில் ஒன்றை எழுது.

அக்கா

●

சுன்சொன்
11.5.1997

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் ஒழுங்காகக் கிடைத்தன. தபாலில் ஒன்றும் தவறவில்லை. நான் சுகம். முழங்காலுக்கு நடைதான் மருந்து, ஆனால் படியில் கவனம். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பூட்டச் சொல்லுங்கள். முதியோர் இல்லத்தில் நாங்கள் எல்லா அறையிலும் பூட்டியிருக்கிறோம். கவுன்சிலில் கேட்டால் சும்மாவே செய்து தருவார்கள் என்று நினைக்கிறேன். சீனி வியாதிக்காரர் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. அத்தானுக்காக இன்றும் பூசையில் நினைத்துக்கொண்டேன். இசபெல்லை விரட்டாதீர்கள், அவள் நல்ல பிள்ளை.

இந்த வருஷம் இங்கே பனி பிந்தியது. பிளம் பூத்த பிறகு கொட்டிப் பாதிப் பூ கருகிவிட்டது. கவிதையில் அப்படி நடப்பதில்லை. எங்கள் தோட்டத்தில் நடந்தது. கருகியதை எல்லாம் கூட்டி அள்ளியது நான்தான்.

மடத்தில் இப்போது புதிதாகச் சேர்கிற நவகன்னியருக்கு நான் பொறுப்பு. போன மாதம் ஒருத்தி என் அறைக்கு வந்து, தனக்கு இந்த வாழ்க்கை ஏலாது என்று அழுதாள். அவளுடைய அண்ணனுக்கு நானே ரெலிபோன் பண்ணினேன். தங்கச்சிக்கு உங்கள் வீட்டில் இடம் இருக்குமா என்று கேட்டேன். அன்று பின்னேரமே யாரிடமோ இரவல் வாங்கிய வான் வண்டியில் வந்து வாசலில் நின்றான். பெட்டியைத் தூக்கி ஏற்றினான், ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. வண்டி திரும்பிப் போனபிறகு நான் படிக்கட்டில் குந்தியிருந்து நெடுநேரம் அழுதேன். அவளுக்காக அழுகிறேன் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அறையைப் பற்றி எழுதியிருந்தீர்கள், வாசித்தேன். சுவாமியார் சொன்னதையும் வாசித்தேன். அந்தத் தவக்காலம் எனக்கு நல்ல ஞாபகம். வைகாசி முடிய இன்னும் நாள் இருந்தது.

உங்களுக்கு ஒரு துணை கிடைக்க வேண்டுமென்று இங்கே நாங்கள் எல்லோரும் தினமும் செபிக்கிறோம்.

இப்படிக்கு
சிஸ்ரர் இம்மாகுலேற்